நைனா பம்பாய் வந்தது

மலாடு, மும்பை
16.1.2024

அன்புள்ள நைனாவுக்கு,

வினிதா எழுதுகிறேன். வீட்டில் நீங்களும் அம்மாவும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி இந்தக் குளிருக்கு எப்படி இருக்கிறது?

நேற்று பொங்கலுக்கு அம்மாவோடு போனில் பேசும்போது பின்னால் உங்கள் குரல் கேட்டது. "குக்கர் விசில் போச்சு பாரு" என்றீர்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் கிளம்பி வந்த அன்று தெருவே பார்க்க, இனிமேல் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சொன்னீர்கள். சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போனை விட்டுவிட்டுக் காகிதம் வாங்கினேன்.

நான் ஓடிப்போனதாக ஊரில் பேசிக்கொள்வதை அம்மா சொன்னாள். நான் ஓடவில்லை நைனா. பட்டப்பகலில், பையைத் தூக்கிக்கொண்டு, உங்கள் எதிரில் நடந்துபோய்த்தான் பஸ் ஏறினேன். மாமா மகன் வசந்துக்கும் எனக்கும் பரிசம் போட நாள் குறித்த பிறகு கிளம்பினது தப்புதான். வசந்திடம் அப்போதே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் சிறுசேரி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் முட்டுக்காட்டில் எடுத்த அந்தப் படப்பிடிப்பையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதாநாயகிக்குப் பதிலாகத் தண்ணீரில் இறங்க வேண்டிய பெண் வராமல் போய், வேடிக்கை பார்க்க வந்த என்னை இறக்கினார்களே, அதுதான். வெளியே வந்தபோது மார்கரெட் அக்கா துண்டைப் போர்த்திவிட்டு, "மும்பை வா, வேலை தரேன்" என்றார். அதை மறக்க முடியவில்லை.

பதில் எழுதினால் சந்தோஷப்படுவேன். எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

உங்கள் மகள்
வினிதா

புதுப்பட்டினம் குப்பம்
5.2.2024

வினிதாவுக்கு நீலமேகம் எழுதிக்கொண்டது.

இங்கே சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன் கடிதத்தைத் தபால்காரர் வேறு வீட்டில் கொடுத்து, அங்கிருந்து பக்கத்து வீட்டு சடையப்பன் கொண்டு வந்தார். அதனால் ஊருக்கே தெரியும். பேச மாட்டேன் என்றுதான் நான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. சடையப்பனைக் கேட்டேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, எழுதலாம் என்றார்.

வசந்துக்குக் கொக்கிலமேட்டில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். நர்சுக்குப் படித்த பெண். பத்திரிகை வைக்க அவனே வந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். என்னால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.

உன் வேலை என்ன என்று எனக்கு விளங்கும்படி எழுது. ஊரில் "சினிமாவுல கீது" என்கிறார்கள். உன் அம்மா டூப்பு என்கிறாள். டூப்பு என்றால் பொய்தானே? அங்கே மீன் கிடைக்கிறதா, என்ன மீன் என்றும் எழுது.

அம்மா விசாரித்ததாக எழுதச் சொன்னாள். தினமும்தான் பேசுகிறாயே, எதற்கு என்று கேட்டேன். காகிதத்தில் தன் பேரும் இருக்கட்டும் என்கிறாள். மாரியம்மா. எழுதிவிட்டேன்.

நீலமேகம்

மலாடு
24.2.2024

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு வேளை சோறு, காலையில் வடாபாவ். சோறு மார்கரெட் அக்கா சமையல். அவர் வீட்டில்தான் ஒரு அறையில் இருக்கிறேன். சண்டைக் காட்சிகளில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் அவர். சென்னைப் படங்களில் வேலை செய்து கொஞ்சம் தமிழும் பேசுவார்.

டூப் என்றால் இதுதான் நைனா. கதையில் கதாநாயகி கிணற்றில் விழுவாள், அலையில் அடித்துக்கொண்டு போவாள், படகிலிருந்து குதிப்பாள். அந்த நேரத்தில் அவளுடைய துணியை நான் போட்டுக்கொண்டு, அவள் முடி மாதிரியே விக் வைத்துக்கொண்டு விழுவேன். என் முகம் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடியும் விழச் சொல்வார்கள்.

ஊர் பெரிய ஊர். சாயங்காலம் கடலோரச் சாலையில் விளக்குப் போட்டால், வளைவு முழுக்கப் பொட்டுப் பொட்டாக எரியும். பார்த்துக்கொண்டே ரயிலைத் தவறவிட்டிருக்கிறேன். பாந்த்ராவில் ஒரு பெரிய நடிகர் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமையானால் திருவிழாக் கூட்டம். அந்த வீட்டைத் தாண்டி நான் வேலைக்குப் போகிறேன் என்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இப்போது ஒரு பெரிய படம். ஸ்டூடியோவில் பழைய காலத்துக் கப்பல் ஒன்றை முழுசாகக் கட்டியிருக்கிறார்கள். பாய்மரத்து உச்சியிலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். அதை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒத்திகை அடுத்த வாரம்.

மீனைப் பற்றி அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்கு என் அன்பு.

வினிதா

புதுப்பட்டினம் குப்பம்
20.3.2024

வினிதாவுக்கு,

மீனைப் பற்றி எழுதுகிறேன் என்றாய். கடிதம் வரவில்லை. தபால்காரரைக் கேட்டேன், வந்தால் தர மாட்டேனா என்கிறார்.

போனில் குரல் மட்டும்தான் வருகிறது, முகம் காட்டிப் பேச மாட்டேன் என்கிறாய், கேமரா கெட்டுப்போயிற்றாம் என்று அம்மா சொன்னாள். போன் ரிப்பேர் பார்க்கிற கடைசித் தெரு பையன் அதெல்லாம் சீக்கிரம் சரிசெய்துவிடலாம் என்கிறான். அங்கே கடை இல்லையா?

வசந்த் கல்யாணம் நன்றாக நடந்தது. நாங்கள் எல்லாரும் சுகம்.

நீலமேகம்

மலாடு
5.4.2024

அன்புள்ள நைனாவுக்கு,

எல்லாரும் சௌக்கியமா? நான் மிகவும் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். ரயிலில் எழுதுகிறேன், ஆடுகிறது.

வேலை அதிகம். அதனால்தான் தாமதம். கப்பல் காட்சியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மழைக்காலம் முடிந்த பிறகுதான் எடுப்பார்களாம். கதாநாயகிக்கு வேறு படம் இருக்கிறது.

இங்கே பொம்பில் என்று ஒரு மீன். கையில் எடுத்தால் தண்ணீரைப் பிடித்த மாதிரி வழுக்கும். வறுத்தால் நன்றாக இருக்கும்.

இறங்குகிற இடம் வந்துவிட்டது.

வினிதா

புதுப்பட்டினம் குப்பம்
12.4.2024

வினிதாவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தேன். ரயில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே பக்கமாகத்தான் ஆடியிருக்கிறது.

படகைக் கரையில் ஏற்றிப் போட்டிருக்கிறேன். அடியில் பைபர் ஒட்ட வேண்டும், ஆள் கிடைக்க நாளாகும். என்ஜினுக்கு ஒரு சாமான் பம்பாயில் கிடைக்கும் என்கிறார்கள். அதனால் வருகிறேன். எழும்பூரில் ஏறி தாதரில் இறங்குவேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். விலாசம் கவரின் பின்னால் இருக்கிறது.

அம்மா நெத்திலிக் கருவாடும் காரப்பொடியும் கட்டிக்கொடுக்கிறாள்.

நீலமேகம்

மலாடு, மார்கரெட் வீடு
24.4.2024

வினிதாவுக்கு,

நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். திரும்பி வந்து பார்க்க இதைத் தட்டுக்கு அடியில் வைக்கிறேன்.

நான் வந்த அன்று கதவைத் திறந்தது நீ. வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாய். கருவாட்டுப் பையை இடது கையால் வாங்கிக்கொண்டு உள்ளே போனாய். மார்கரெட்தான் சொன்னார்: ஒத்திகையில் கயிற்றில் தொங்கும்போது தோள்பட்டை இறங்கிவிட்டது, ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள், எலும்பு முறியவில்லை என்று. சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் என்றால் அதையும் கடைசியில்தான் சொல்வாய்.

வாக்கு வாக்குதான், அதனால் மார்கரெட்டிடம் சொல்லி அனுப்புகிறேன். "அந்தப் பொண்ணு மாத்திரை போட்டுகிச்சான்னு கேளுங்க" என்றால், பக்கத்தில் நிற்கும் உன்னிடம் அவர் கேட்கிறார். நீ அவரிடம் பதில் சொல்கிறாய். அவர் என்னிடம் சொல்கிறார். நேற்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மராத்தியில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது.

இன்னொன்று. கடிதத்தில் என்னை நீங்கள் நீங்கள் என்று எழுதுகிறாய். பேங்கு மேனேஜருக்கு எழுதினது போல இருக்கிறது. வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே எழுது.

அடுப்பில் வஞ்சிரம் குழம்பு இருக்கிறது. மூடி வைத்திருக்கிறேன்.

நைனா

மலாடு, உள் அறை
25.4.2024

நைனாவுக்கு,

குழம்பு நன்றாக இருந்தது. இதை நீ தூங்கும்போது உன் செருப்புப் பக்கத்தில் வைக்கிறேன்.

சொல்லாமல் இருந்தது தப்பு. சொன்னால் உடனே கிளம்பி வருவாய், கூட்டிக்கொண்டு போவாய் என்று நினைத்தேன். நீ கிளம்பி வந்துவிட்டாய். இனி என்ன செய்யப்போகிறாய் என்று தெரியவில்லை. தினமும் உன் முகத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

கை வலி குறைந்துவிட்டது. இதை வலது கையால்தான் எழுதுகிறேன். டாக்டர் எழுதலாம் என்றார்.

நீ என்ஜின் சாமான் வாங்கக் கடைக்குப் போகவே இல்லையே?

வினி

மலாடு
3.5.2024

வினிதாவுக்கு,

என்ஜின் சாமான் இங்கே கிடைக்காது என்று தெரிந்துவிட்டது.

நீ சிகிச்சைக்குப் போகிற நேரத்தில் நான் ஊர் சுற்றினேன். சொல்லாவிட்டால் நான் எங்கே போனேன் என்று நீ தேடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

வெர்சோவா கடற்கரைக்குப் போனேன். அங்கேயும் நம்மைப் போல மீன்பிடிக்கிற ஜனம் இருக்கிறது. இந்தக் கடல் ஒரு மாதிரியான கடல். காலையில் போனபோது சுவர்வரைக்கும் தண்ணீர், மத்தியானம் பார்த்தால் எங்கேயோ போய்விட்டது, படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. அங்கே ஒரு பெரியவரிடம் இதென்ன என்று கையைக் காட்டிக் கேட்டேன். வரும் என்று அவரும் கையைக் காட்டினார். சாயங்காலம் வந்தது. அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் பேசியது எனக்கும் நான் பேசியது அவருக்கும் புரியவில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நீ எழுதின நடிகர் வீட்டுக்கும் போனேன். ஞாயிற்றுக்கிழமைதான். மார்கரெட் பஸ் நம்பர் எழுதிக் கொடுத்தார். கூட்டத்தில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. மாடியில் ஒரு கை அசைந்தது. அது அவர் கைதானா என்று பக்கத்தில் நின்றவனுக்கும் தெரியவில்லை. ஆனால் நானும் எல்லாரோடும் சேர்ந்து கத்தினேன். ஏன் கத்தினேன் என்று தெரியாது. வெறுங்காலோடு வந்து புதுச் செருப்பு வாங்கினேன். அம்மாவிடம் சொல்லாதே.

ஸ்டூடியோவில் அந்தக் கப்பலையும் மார்கரெட் காட்டினார். பலகையைத் தட்டிப் பார்த்தேன். பாதி மரம், பாதி தெர்மாகோல். தூரத்திலிருந்து பார்த்தால் நான்கூட ஏறிவிடுவேன். அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள். பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நல்ல ஊர். எல்லாரும் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் வழி கேட்டால் நின்று சொல்கிறார்கள்.

நாளைக்கு நீச்சல் குளத்துக்கு உன்னோடு வரலாமா என்று மார்கரெட்டிடம் கேட்டிருக்கிறேன்.

நைனா

மலாடு
27.5.2024

என் நைனாவுக்கு,

நீ பத்திரமாக ஊர் வந்து சேர்ந்ததாக அம்மா சொன்னாள். படகு வேலை முடிந்ததா? வெயிலில் நிற்காதே.

நீ என்னோடு எப்படிப் பேச ஆரம்பித்தாய் என்று அம்மா தினமும் கேட்கிறாள். "ஆட்டோல வரும்போது" என்று மட்டும்தான் நீ சொன்னாயாம். உன்னிடமிருந்து அதற்கு மேல் வராதாம், என்னையே எழுதச் சொன்னாள். இந்தப் பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டு.

அம்மா, அன்றைக்கு டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு முதல் தடவையாகக் குளத்துக்குப் போனேன். குதிக்க வேண்டாம், பலகை மேல் ஏறி நின்றுவிட்டு வா, போதும் என்றார் மார்கரெட் அக்கா. ஏறினேன். கீழே தண்ணீரைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த சின்னப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். நைனா பெஞ்சில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எழுந்து வந்து துண்டைக் கொடுத்தது.

திரும்பி வரும்போது ஆட்டோ நகரவே இல்லை, அவ்வளவு வண்டி. நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், நைனா அந்தப் பக்கம். அப்போது, "பயமா கீதா?" என்று ஒரு குரல் கேட்டது. டிரைவர் கேட்கிறார் என்று நினைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாதே என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"கீது நைனா" என்றேன். பிறகு, இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததையும் கேட்டுவிட்டேன். "என்னை ஊருக்கு வந்துடுன்னு சொல்லப்போறியா?"

நைனா வெளியே பார்த்துக்கொண்டேதான் பேசியது. "வரணும்னா வா. வூடு அங்கதான் கீது. வரலன்னாலும் அங்கதான் கீது."

அவ்வளவுதான் அம்மா. அதற்கப்புறம், ஈரத் துண்டை மடியில் போட்டுக்கொள்ளாதே என்றது. நான் அழுதேன். தூசி என்று சொன்னேன். இந்த ஊரில் அதற்கு மட்டும் குறைவில்லை.

நைனா, இனி உனக்கு. நீ போன பிறகு அம்மா ஒன்று சொன்னாள். எழும்பூரிலேயே திரும்பி வருவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாயாம். அது இரண்டு டிக்கெட்டாம். ஸ்டேஷனில் உன்னை ஏற்றிவிட்டு நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து சீட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேற்று பலகை மேல் ஏறி நின்றேன். நின்றேன் அவ்வளவுதான்.

வினி

புதுப்பட்டினம் குப்பம்
14.6.2024

வினிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. முதல் நாளே சங்கரா மீன் நன்றாக விழுந்தது. பக்கத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஆட்களிடம் அம்மா மத்தியானத்துக்குள் விற்றுவிட்டாள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தை இன்னொரு முறை படி என்றாள். படித்தேன். நான் அப்படிச் சொன்னேனா என்று எனக்கே நினைவில்லை. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு டிக்கெட் எடுத்தது உண்மைதான். உன் கோணல் எழுத்தைப் பார்த்த அன்று எடுத்தேன். அப்போது உன்னை எப்படியாவது கூட்டி வந்துவிட வேண்டும் என்றிருந்தது. அங்கே வந்து பார்த்தால் உனக்கு ஒரு அறை, ஒரு அடுப்பு, திட்டுவதற்கு மார்கரெட், வாசலில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பூக்காரி எல்லாரும் இருக்கிறார்கள். உன் சீட்டில் பூனாவில் ஏறிய ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்து வந்தாள். குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டது. இடம் வீணாகவில்லை.

நின்றாய் என்று எழுதியிருக்கிறாய். சரி.

மார்கரெட்டுக்குக் கருவாடு அனுப்புகிறேன். காரம் குறைவாகப் போடச் சொல்.

நைனா

புதுப்பட்டினம் குப்பம்
9.2.2025

வினிக்கு,

நாங்கள் சுகம். நீயும் மார்கரெட்டும் சுகம் என்று நேற்று போனில் கேட்டதே போதும். ஆனாலும் போனில் எனக்குப் பேச வருவதில்லை. கப்பல் காட்சி எடுத்த அன்றைக்கு, "குதிச்சிட்டேன் நைனா" என்றாய். "சரி" என்றேன். அதற்குள் போன் உன் அம்மா கைக்குப் போய்விட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

அந்தப் படம் தமிழில் பேசி செங்கல்பட்டுக்கு வந்துவிட்டது. குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். அம்மா கடை போடவில்லை. வசந்தும் அவன் பெண்சாதியும் வந்தார்கள். அந்தப் பெண் ரொம்ப நல்ல மாதிரி. வழியெல்லாம் உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். சடையப்பன் எல்லாருக்கும் முன்னால் போய் நடு வரிசையைப் பிடித்து வைத்திருந்தார்.

கதை எனக்கு அவ்வளவாக விளங்கவில்லை. கப்பல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பலகையை நான் தட்டிப் பார்த்திருக்கிறேன் என்று வசந்திடம் சொன்னேன். தெர்மாகோல் என்பதைச் சொல்லவில்லை. கதாநாயகி பாய்மரத்தில் ஏற ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் அவள் இல்லை, நீ. முகம் காட்டவில்லை. விக்கும் துணியும் அவளுடையதுதான். ஆனால் படி ஏறும்போது இடது காலை ஒருமுறை உதறிவிட்டு வைப்பாயே, அது நீதான். "அதோ நம்ம வினி" என்று அம்மா சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ உச்சியில் போய் நின்றாய். காற்றில் துணி அடித்துக்கொண்டது.

அப்புறம் தண்ணீர்ச் சத்தம்தான் எனக்குத் தெரியும். எல்லாரும் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். திரையில் பார்த்தால் கதாநாயகி நனைந்த முகத்தோடு மேலே வருகிறாள். அம்மா பக்கம் திரும்பி, "இன்னாச்சு?" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "கண்ண மூடிகினியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நல்லா குதிச்சா" என்றாள். "கைய ரெண்டும் விரிச்சிகினு, கொக்கு எறங்குற மாதிரி." அதைச் சொல்லும்போது அவளும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பக்கத்திலிருந்தவன் பாப்கார்ன் கொட்டிவிட்டது.

வேனில் வரும்போது ஒவ்வொருவரும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். பார்த்தவன் போலத் தலையை ஆட்டினேன்.

நாளைக்குப் பகல் ஆட்டத்துக்கு நானும் அம்மாவும் மட்டும் மறுபடியும் போகிறோம். நீ குதிக்கிற இடம் வந்ததும் தொடையில் கிள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நைனா